மொட்டைத்தலையன் சொல்ற முடிப்புராணம்

என் தலையைப் பாத்துச் சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிரு தாயி. வழுக்கைத்தலையன் முடிக்கு யோசனை சொல்ல வந்துட்டானேன்னுதானே நினைக்கிற? இந்த ஊருல பாதிப்பேரு தலையை நான் புடிச்சுத் திருப்பியிருக்கேன். பொண்டாட்டியைத் தவிர யாருக்கும் குனியாத பிரசிடெண்ட் தலையே என் கைக்குக் குனிஞ்சதுதான். இப்பக் கத்திரி மகன் கையில, பெஞ்சும் தினத்தந்தியும் என் கையில. விளம்பரத்தையும் விடாம பேப்பர் படிக்கிறதும், உள்ள வர்றவுக தலையை வாசல்லயே அளந்து வைக்கிறதும்தான் இப்ப என் உத்தியோகம்.

பையில என்ன, நடக்கும்போதே பாட்டில் சத்தம் கேக்குது? எடு, வெளிய வை. கூச்சப்படாத. ஷாம்பு, கண்டிஷனர், இது என்ன, மாஸ்க்கா? மூஞ்சிக்குப் போட்ட மாஸ்க்கைக் கழட்டி இப்ப முடிக்குப் போட்டாச்சா? சரி. இந்தக் குட்டிப் பாட்டில்? சீரம். இதெல்லாம் எவ்வளவு ஆச்சு? வேண்டாம், சொல்லாத. உங்கப்பன் உளுந்துக்கு வாங்குன உரக்கடன் இன்னும் சொசைட்டியில நிக்குது. அந்தத் தொகையோட இதைக் கூட்டிப் பாக்க என் மனசு சும்மா இருக்காது.

யாரு சொல்லி வாங்குன? போன்ல ஒரு பொண்ணு சொல்லுச்சாக்கும். அது முடி என்ன முடி, உன் முடி என்ன முடி? அது குளிக்கிற தண்ணி மும்பை முனிசிபாலிட்டித் தண்ணி, நீ குளிக்கிறது நம்ம கரிசக்காட்டுப் போர்த்தண்ணி. அந்தப் பொண்ணு வீடியோ எடுக்க முன்னாடி முடியை யாரு, எத்தனை மணி நேரம் நீவிவிட்டாகளோ? நம்ம கடைக் கண்ணாடியில அந்த வசதி எல்லாம் கிடையாது. இருக்கிறதைத்தான் காட்டும்.

இந்தா, பூதக்கண்ணாடி. பாட்டிலைத் திருப்பு. முன்பக்கம் எழுதியிருக்கிறது விக்கிறவன் ஆசை. பின்பக்கம் எழுதியிருக்கிறது சட்டத்துக்குப் பயந்து. பயந்து எழுதுனதை மட்டும் படி. எந்தச் சரக்கு அதிகமோ அதை முதல்ல போட்டு, குறையக் குறைய வரிசையா எழுதிக்கிட்டு வரணும். ஒரு சதவீதமும் அதுக்குக் கீழயும் இருக்கிறதை மட்டும் கடைசியில எப்படி வேணா கலைச்சுப் போட்டுக்கலாம். முதல் பேரு என்ன? அக்வா. தண்ணிதான் தாயி. ஷாம்புல முக்கால்வாசி அதுதான். அடுத்தது சோடியம் லாரெத் சல்ஃபேட். நுரை வர்றதும் அழுக்குப் போறதும் அதால. கொஞ்சம் கீழ சோடியம் குளோரைடு இருக்கா? சோத்துல போடற உப்பு. ஷாம்பு கெட்டியாகறதுக்குப் போடறது. கையில ஊத்தும்போது கெட்டியா நிக்குது, வீரியமான சரக்குன்னு மெச்சிக்கிட்ட பாரு, நீ மெச்சுனது உப்பை. இனி முன்பக்கம் படம் போட்ட பாதாம்பருப்பைத் தேடு. வாசனைக்கும் கலருக்கும் நடுவுல கிடக்கா? கண்ணுல காட்டியிருக்கான், அம்புட்டுதான்.

சல்ஃபேட்னதும் முகத்தைச் சுளிக்காத. அது பேயுமில்ல, பிசாசுமில்ல. வாரம் பூரா எண்ணெய் வச்சுப் பின்னிக்கிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் தலைக்கு ஊத்துற ஆளுக்கு மென்மையான ஷாம்பைக் குடுத்தா ஒரு தடவையில எண்ணெய் இறங்காது. ரெண்டு தடவை போட்டுப் பாதிப் பாட்டிலைக் காலி பண்ணும். காய்ஞ்ச முடி, சாயம் போட்ட முடி, சுருட்டை முடி இதுகளுக்குத்தான் சல்ஃபேட் இல்லாதது தோது. பட்டுச்சேலைக்கும் உழவுக்காட்டு வேட்டிக்கும் ஒரே சோப்பா போடறோம்? அந்த நியாயந்தான். உன் தலை பட்டா, வேட்டியான்னு முதல்ல தெரியணும். அது தெரியாமலே கடைக்குப் போயி, பாட்டில் பச்சைக் கலரா இருந்துச்சுன்னு வாங்கிட்டு வந்துட்ட.

இப்பச் சொல்றதைக் காதுல வாங்கு. தலை வேற, முடி வேற. இது தெரியாமத்தான் ஊரு பூரா காசை வாரி விடுது.

முடிங்கறது செத்த பொருளு தாயி. வேர் ஒண்ணுதான் உசுரோட இருக்கு, அதுவும் தோலுக்கு உள்ள. உசுருள்ளதா இருந்தா நான் கத்திரி வைக்கும்போது நீ அலறியிருக்க மாட்டியா? ஆனா விளம்பரத்துல முடிக்கு ஊட்டம்ங்கறான், முடிக்கு விட்டமின்ங்கறான். செத்ததுக்குப் படையல் வைக்கலாம், வேண்டாங்கல. பசியாறுச்சான்னு கேக்கக் கூடாது.

தலைத்தோலு அப்படியில்ல. அது எண்ணெய் சுரக்கும், வேர்க்கும், அரிக்கும், பொடுகு விடும். ஷாம்பு அந்தத் தோலுக்கு. முடி தேயும், சிக்கும், நுனி பிளக்கும், வெளுக்கும். கண்டிஷனர் அந்த முடிக்கு. ரெண்டையும் தனித்தனியாப் பாத்துத்தான் வாங்கணும். உச்சியில எண்ணெய் வழியுது, நுனி வைக்கோலாட்டம் கெடக்குன்னா, எண்ணெய்த் தலைக்கான ஷாம்பு ஒரு கம்பெனி, வறண்ட முடிக்கான கண்டிஷனர் இன்னொரு கம்பெனின்னு வாங்கிட்டு வா. ஒரே பேரு போட்ட ஜோடியாத்தான் வாங்கணும்னு எவன் சொன்னான்? பத்துப் பொருத்தம் பாத்து முடிச்சு வச்ச ஜோடிகளே நம்ம தெருவுல பேசிக்கிடறதில்ல.

தேய்க்கிற இடமும் மாறிப் போச்சு உங்களுக்கு. ஷாம்பை நுனியில போட்டுக் கசக்குறீக, கண்டிஷனரை உச்சியில வச்சு அப்புறீக. ஷாம்பை விரல் நுனியால தோல்ல தேய். நகத்தால இல்ல. வழிஞ்சு இறங்குற நுரையே முடிக்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழ. உச்சியில அப்பிட்டு, “குளிச்ச அன்னிக்கே பிசுபிசுங்குது, ஷாம்பு சரியில்ல தாத்தா”ன்னு என்கிட்ட வந்து ஷாம்பு மேல பிராது குடுக்காத.

தலைத்தோலு எந்தச் சாதின்னு எப்படிப் பாக்கறதுன்னு கேளு. கேக்க மாட்ட, நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளி. எண்ணெய் தொடாத, சீரம் தொடாத. மறுநாள் சாயங்காலம் தினத்தந்தியில எழுத்தில்லாத ஓரத்தைக் கிழிச்சு உச்சந்தலையில வகிடு எடுத்து அழுத்து. வெளிச்சத்துக்கு நேராப் புடி. காகிதத்துல எண்ணெய் தெரிஞ்சா எண்ணெய்த் தலை. நீ ரெண்டு நாளைக்கு ஒருக்க, வேணும்னா தினமும் ஷாம்பு போடலாம், முடி ஒண்ணும் ஓடிப் போயிடாது. நாலு நாள் கழிச்சும் காகிதம் காய்ஞ்சே இருந்து, தோலு இழுத்துப் புடிச்சாப்ல இருந்தா வறண்ட தலை. வாரத்துக்கு ஒண்ணு, மிஞ்சுனா ரெண்டு போதும். அக்கம்பக்கத்துல யாரு எத்தனை நாளைக்கு ஒருக்கக் குளிக்கிறான்னு கணக்கெடுக்காத. ஹெல்மெட்டுக்குள்ள மணிக்கணக்கா வேர்க்கிற பயலுக்கும், ஏசி ரூம்ல கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருக்கிற உனக்கும் கணக்கு ஒண்ணா வராது.

அடுத்தது முடி. ஒத்தை முடியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு உருட்டு. இருக்கிறதே தெரியலைன்னா மெல்லிசு. தையல்நூலு கணக்காத் தட்டுப்பட்டா தடிப்பு. மெல்லிசு முடிக்காரி கெட்டிக் கண்டிஷனர், சீரம், எண்ணெய்னு மேல மேலப் பூசுனா முடி தலையோட ஒட்டிக்கிட்டு எலிவால் சடையாத்தான் தொங்கும். தடிப்பு முடி எவ்வளவு குடுத்தாலும் குடிச்சிட்டு இன்னும் கொண்டாங்கும். அடர்த்தி வேற சங்கதி. மெல்லிசு முடியே நெருக்கமா இருந்து கைகொள்ளாத சடையா வர்றதுமுண்டு. பெரியவீட்டு மருமகளைப் பாரு.

எம்பேத்தி ஒருத்தி டவுன்ல படிக்கிறா. தம்ளர்ல தண்ணி வச்சு அதுல முடியைப் போட்டுட்டு முன்னால உக்காந்துக்கிட்டா. என்னத்தான்னு கேட்டா, முடி மிதந்தா ஒரு ரகமாம், முங்குனா இன்னொரு ரகமாம். முடியில ஒட்டியிருக்கிற எண்ணெய், காத்துக்குமிழி, போட்ட விதம், எது வேணா அதை மிதக்க வைக்கும், முங்க வைக்கும். அவ அப்பத்தா வந்தா, தம்ளர்ல முடி கெடக்கறதைப் பாத்து, சமையக்கட்டுல என்னடி இதுன்னு கத்திக்கிட்டே வாசல்ல கொட்டுனா. எனக்குத் தெரிஞ்சு அந்தப் பரிச்சைக்குச் சரியான முடிவு அதுதான்.

வளைவுன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் பெருசு. அமெரிக்காவுல ஓப்ரா வின்ஃப்ரேன்னு டிவியில பேசுற அம்மாவுக்கு முடி அலங்காரம் பண்ணுனவரு ஆண்ட்ரே வாக்கர். எங்க தொழில்காரருதான். 1990-கள்ல அவரு முடியை நாலாப் பிரிச்சாரு: நேர்முடி, அலைமுடி, சுருட்டை, சுருட்டையிலயும் சுருட்டை. அதுக்குள்ள எழுத்துப் போட்டு உள்பிரிவு. இப்ப நீங்க எல்லாரும் “நான் டூபி, நீ த்ரீஏ”ன்னு பஸ் நம்பர் சொல்றாப்ல சொல்லிக்கிறது அவரு போட்ட கணக்கு. நம்மூருல அதுக்கு முன்னாடியே கோரைமுடி, சுருட்டைமுடி, பரட்டை, செம்பட்டைன்னு பேரு இருந்துச்சு. கோரைமுடி குடியைக் கெடுக்கும், சுருட்டைமுடி சோறு போடும்னு ஒரு சொலவடையும் இருந்துச்சு. அதை நம்பி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு தலையை எட்டிப் பாத்த காலமும் உண்டு. இப்பவும் சுருட்டைமுடி சோறு போடத்தான் செய்யுது, பார்லர்காரருக்கு.

சுருட்டைமுடிக்காரி உக்காந்து கேளு, உனக்குத்தான் அதிகம் சொல்லணும். தலைத்தோல்ல சுரக்கிற எண்ணெய் நேர்முடியில சரசரன்னு இறங்கிரும். சுருள்ல சுத்திச் சுத்தி இறங்க முடியாம மேலயே நின்னுரும். அதனால உனக்கு உச்சி எண்ணெய், நுனி பாலைவனம். காய்ஞ்ச சுருட்டையைச் சீப்பு வச்சு இழுத்தா ஒடிஞ்சு பரட்டையா நிக்கும். அதைப் பாத்து “எனக்கு முடியே அமைய மாட்டேங்குது”ன்னு அழுவ. ஈரத்தோட, கண்டிஷனர் தலையில இருக்கும்போதே, அகலப் பல்லு சீப்பால நுனியில இருந்து மேல மேல சிக்கெடு. துண்டைப் போட்டுத் துவைக்காம, பழைய பருத்திப் பனியனால ஒத்தி எடு. காயுற வரைக்கும் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. உன் சுருள் என்ன சுருள்னு அப்பத்தான் உனக்கே தெரியும். நெறையப் பேரு பரட்டைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறது, சீப்பு கெடுத்து வச்ச சுருட்டை. கோரைமுடிக்காரிக்கு இது அப்படியே தலைகீழ். ஈரத்துல முடி இழுத்தா நீளும், இன்னும் இழுத்தா அறும். அவ முக்கால்வாசி காய்ஞ்சதுக்கு அப்புறம் சீவட்டும்.

இதையெல்லாம் விட்டுட்டு நேராக்குறேன்னு பார்லர்ல போயி உக்காருவீக. மருந்தைப் பூசி, இரும்பால நீவி, கண்ணு எரியிற புகையில அரை நாள். அந்தப் புகையில ஃபார்மால்டிஹைடு இருக்கலாம், ஆஸ்பத்திரியில பிரேதம் கெடாம இருக்க வைக்கிற சரக்கு. “ஃபார்மால்டிஹைடு இல்லை”ன்னு எழுதியிருக்கிற சிலதுலயும் சூடு பட்டா வரும். சரி, எல்லாம் தாங்கிக்கிட்ட. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வாக்குல வளரும். மூணாவது மாசம் வேர்ல இருந்து சுருட்டை எட்டிப் பாத்து, “என்னைத் தேடுனியா?”ங்கும். உங்க ஆத்தாவழிச் சொத்து அது. நிலம்னா வித்துத் தொலைச்சிருப்பீக, இதை விக்க முடியல.

முன்னாடி போர்த்தண்ணியைப் பத்திச் சொன்னேன்ல. உங்க வீட்டுக் குளிக்கிற வாளியைப் பாத்திருக்கியா? விளிம்புல வெள்ளையா ஒரு பட்டை. ஷவர் ஓட்டை பாதி அடைச்சிருக்கும். போர்த்தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் படிஞ்ச கறை. வாளி மேல படிஞ்சது உன் தலையில மட்டும் படியாம வழிவிட்டுப் போயிருமா? முடி விறைச்சுக்கிட்டு, மங்கிப்போயி, சீப்பு இறங்காம நிக்கும். நீ ஷாம்பை மாத்துவ, அப்புறம் எண்ணெயை மாத்துவ, கடைசியில என் மகன் வெட்டுனது சரியில்லைம்ப. பின்பக்கத்துல டைசோடியம் ஈடிடிஏன்னு இருக்கா பாரு. அந்த உப்புகளைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போறதுக்குப் போடறது. கடைசி ஒரு சொம்பை மட்டும் குடிதண்ணியில ஊத்து. மழை பேஞ்சா ஓட்டுத்தண்ணியைப் புடிச்சு வை. அரைமூடி எலுமிச்சம்பழத்தைச் சொம்புத் தண்ணியில பிழிஞ்சு ஊத்தி, உடனே நல்லாத் தண்ணியில அலசுனாலும் முடி பணிஞ்சு வரும். இந்த ஊருல சிலருக்கு மாஸ்க்கை விட அந்தச் சொம்பு உபகாரம் பண்ணும்.

ஏலே, அங்க என்ன சிரிப்பு? உன்னைத்தாண்டா மாப்ளே. மேலுக்குப் போடற சோப்பையே தலைக்கும் போட்டுக் கரகரன்னு தேய்க்கிறவன்தானே நீ? தலைத்தோலு லேசான புளிப்புத் தன்மை, பிஹெச் அஞ்சரை வாக்குல. சோப்பு ஒம்பது, பத்து, காரம். முடி மேல இருக்கிற செதில் எல்லாம் விரிஞ்சுக்கிடும். அதோட நம்ம உப்புத்தண்ணி சேந்தா சோப்பு கரையாம மாவாத் திரிஞ்சு முடியில அப்பிக்கிடும். அந்த மாவைத்தான் நீ பொடுகுன்னு நினைச்சு அஞ்சாறு மாசமாச் சொரியிற.

நெசப் பொடுகு வேற. தலைத்தோல்ல மலாசீசியான்னு ஒரு பூஞ்சை எல்லாருக்கும் குடியிருக்கு. தோலு சுரக்கிற எண்ணெயைத் தின்னு பிழைக்கிறது அது. சிலருக்கு அது ஆட்டம் போட ஆரம்பிச்சா அரிப்பும் செதிலுமா வரும். நம்ம வீட்டுல என்ன செய்யிறாக? பொடுகு வந்துருச்சா, தலை காய்ஞ்சு போச்சுன்னு சொல்லிக் கிண்ணம் கிண்ணமா எண்ணெயைத் தேச்சு ஊற வைக்கிறாக. திங்க வந்தவனுக்கு இலை போட்டு உக்காத்தி வைக்கிறது. பொடுகு நிக்கிற வரைக்கும் எண்ணெயை ஒதுக்கு. மெடிக்கல்ல கீட்டோகோனசோல் போட்ட ஷாம்பு இருக்கு, ஜிங்க் பைரிதியான் போட்டது கடையிலயே இருக்கு. தலையில வச்சதும் கழுவிடாத. மூணு நிமிசம், அஞ்சு நிமிசம்னு அட்டையில என்ன எழுதியிருக்கோ அவ்வளவு நேரம் நிக்கட்டும். அதுக்கும் அடங்காம தடிச்ச செதிலா, ரத்தம் வர்றாப்ல இருந்தா தோல் டாக்டர்கிட்டப் போ. என்கிட்ட வராத, மொட்டை போடத்தான் எனக்குத் தெரியும்.

எண்ணெயே வேண்டாம்னு நான் சொன்னதாப் போயி உங்க அப்பத்தாகிட்டப் பத்த வச்சிராத. தேங்காயெண்ணெய் முடிக்குள்ள இறங்கும், சூரியகாந்தி எண்ணெயும் பெட்ரோலியத்துல இருந்து எடுக்கிற மினரல் எண்ணெயும் அப்படி இறங்காதுன்னு 2003-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. குளிக்கிறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய் வச்சா முடியோட புரதம் தண்ணியில கழண்டு போறது குறையுதாம். பண்ணுனவுக தேங்காயெண்ணெய் விக்கிற மாரிக்கோ கம்பெனிக்காரங்க. அதுக்காகப் பொய்யின்னு தள்ளாத, அந்த எண்ணெயில இருக்கிற லாரிக் அமிலம் சின்னது, நேரானது, நுழைஞ்சு போகும்ங்கற காரணம் சரியாத்தான் இருக்கு. நுனிக்கு வை, ஒரு மணி நேரம் ஊறட்டும், குளி. அது முடியைக் காக்கும். வளக்காது. வளக்குற வேலை வேர்ல நடக்குது. எண்ணெய் தேச்சா முடி வளரும்னா, என் வழுக்கையில இந்நேரம் காடு மண்டியிருக்கணும், எம்பொண்டாட்டி ஊத்துன எண்ணெய்க்கு.

அந்த எண்ணெய்ப் பாட்டில்ல ஒரு கூத்து உண்டு. சின்னப் பாட்டில் தேங்காயெண்ணெய் திங்கிற எண்ணெயா, தலைக்கு வைக்கிற எண்ணெயான்னு வரி போடறவுகளுக்கும் கம்பெனிகளுக்கும் வருசக்கணக்கா வழக்கு நடந்துச்சு. அப்பத் திங்கிறதுக்கு வரி கம்மி, தலைக்கு வரி ஜாஸ்தி. பாட்டில்ல கூந்தல் எண்ணெய்னு எழுதாத வரைக்கும் அது சமையல் எண்ணெய்தான்னு 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. வீட்டுல நம்ம பொம்பளைக ஒரே பாட்டில்ல அவியலுக்கும் ஊத்தி, மிச்சத்தைச் சடைக்கும் வச்சுக்கிட்டாக. 2025 செப்டம்பர் 22-ல இருந்து கூந்தல் எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் ஜிஎஸ்டியே 18-ல இருந்து 5 ஆயிருச்சு. பழைய விலைக்கே குடுக்கிற கடைக்காரர்கிட்டச் சிரிச்சுக்கிட்டே கேளு.

பாட்டில் மேல சீயக்காய் படம் போட்டிருக்கறதைச் சீயக்காய்னு நம்பாத. மில்லுல திரிச்சதுதான் சீயக்காய். எண்ணெய் நெறைய வைக்கிற தலைக்கு அருமையான சாமான். ஆனா காய்ஞ்ச முடியை இன்னும் காய வைக்கும். அதுக்குத்தான் கிழவிக வெந்தயமும் செம்பருத்தி இலையும் சேத்து, வடிச்ச கஞ்சியில கரைச்சாக. அந்தக் கொழகொழப்புதான் அவுக கண்டிஷனர். நைஸாத் திரிச்சு, சலிச்சு வை. பரபரன்னு இருந்தா தோலை உராசும்.

முடி கொட்டுதுன்னு அழுகிறவுகளுக்குத் தனியாச் சொல்லணும். ஒரு தலையில லட்சம் முடி வாக்குல இருக்கு. தினம் அம்பது, நூறு விழுறது இயல்பு. வாரம் பூரா பின்னிப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை அவுத்தா, ஆறு நாள் முடியும் ஒண்ணா வந்து கையில நிக்கும். உடனே ஷாம்பு கொட்ட வச்சிருச்சும்ப. டெங்கு, டைபாய்டுன்னு பெரிய காய்ச்சல் வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்தாக் கொட்டும். பட்டினி கெடந்து உடம்பு இளைச்சாலும் அதே. பிள்ளை பெத்தவளுக்கும் அப்படித்தான். பிள்ளை முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்னு பெரியவுக சொல்லுவாக. பிள்ளை சிரிக்கிறதும் ரெண்டு மூணு மாசத்துல, முடி கொட்டுறதும் ரெண்டு மூணு மாசத்துல. பாவம், பழி பச்சைப்பிள்ளை மேல. இந்தக் கொட்டுறது பெரும்பாலும் தன்னால நின்னு, முடி திரும்ப வளந்துரும். இடையில எந்த எண்ணெயை வாங்கித் தேச்சியோ அந்த எண்ணெய்க்காரர் மாலை போட்டுக்கிடுவாரு.

நிக்காமப் போனா ரத்தத்துல இரும்புச்சத்தும் தைராய்டும் பாரு. பயோட்டின் மிட்டாயை நீயா வாங்கித் திங்காத. அந்தக் குறை சாதாரணமா யாருக்கும் வர்றதில்ல, தின்னுட்டுப் போயி ரத்தம் குடுத்தா தைராய்டு ரிப்போர்ட்டே தப்பா வரலாம். டாக்டர்கிட்டச் சொல்லாம இருக்காத. வெங்காய எண்ணெய்னு ஒண்ணு விக்கிறானே, அதுக்கும் ஒரு மூலக்கதை இருக்கு. 2002-ல ஈராக் டாக்டர்க பச்சை வெங்காயச் சாறைப் புழுவெட்டுக்குத் தேச்சுப் பாத்து, பலருக்கு முடி வந்துச்சுன்னு எழுதுனாக. புழுவெட்டுக்கு, பச்சைச் சாறு. எல்லாத்துக்கும், வாசனை போட்ட எண்ணெய்னு அவுக எழுதல. நம்மூருல புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கிறது உனக்கே தெரியும்.

என் வயித்துல நானே அடிச்சுக்கிடற சங்கதியும் ஒண்ணு சொல்றேன். மொட்டை போட்டா முடி அடர்த்தியா வளரும்ங்கறது சுத்தப் பொய். வெட்டுன நுனி மொட்டையா இருக்கிறதால தடிப்பாத் தெரியுது. பழனிக்கு வேண்டுதல்னா போ, முடிக்காகப் போகாத. நுனி வெட்டுனா வேகமா வளரும்ங்கறதும் அப்படித்தான். ஆனா பிளந்த நுனியை எந்தச் சீரமும் நிரந்தரமா ஒட்டாது, சிலிக்கோன் பூசி மறைச்சு வைக்கும். அதுக்கு மகன் கத்திரிதான் மருந்து. பாத்தியா, அடிச்ச வயித்துக்கு மறுபடி சோறு வந்துருச்சு.

சாயம் போடறவுக, “அமோனியா இல்லை”ங்கறதைப் படிச்சிட்டு நிம்மதியாயிராதீக. பாராபினைலின்டையமின், அதாவது பிபிடி இருக்கான்னு பாருங்க. கருப்பு மெகந்தின்னு விக்கிறதுலயும் அது இருக்கலாம். மருதாணி தன்னால கருப்பாகாது. காதுக்குப் பின்னால துளி வச்சு ரெண்டு நாள் பாக்காமப் பூசி, மறுநாள் கண்ணு மூடிக்கிற அளவுக்கு மூஞ்சி வீங்கி வந்த மாப்பிள்ளைய இந்தப் பெஞ்சுலதான் உக்காத்தி ஆட்டோவுக்குச் சொல்லி விட்டோம். அன்னிக்கு அவருக்கு நிச்சயதார்த்தம்.

இப்ப வாங்குற விதத்துக்கு வருவோம். அந்தா, வாசல்ல சரஞ்சரமாத் தொங்குதே பாக்கெட்டு, அதை ஏழை எளியதுகளுக்குன்னு நினைச்சு ஒதுக்காத. ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டுல அடைச்சுக் கூலிக்காரரும் வாங்கலாம்னு காட்டுனவரு கடலூர்ச் சின்னிகிருஷ்ணன். அவரு மகன் ரங்கநாதன் 1983-ல தனியா வந்து சிக் ஷாம்பைப் போட்டாரு. காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டாந்து குடுத்தா புதுப் பாக்கெட்டு ஓசின்னு சொல்லி, எங்க தெருவுல பிள்ளைகளைக் குப்பையில தேட வச்சாரு. அந்தப் பாக்கெட்டுதான் உனக்குப் பரிச்சைக்கூடம். ஐநூறு ரூவா பாட்டிலை வாங்கிட்டு, புடிக்காட்டியும் காசு போச்சேன்னு மூணு மாசம் தேய்க்கிறதுக்குப் பதிலா, நாலஞ்சு பாக்கெட்டு வாங்கி மூணு நாலு வாரம் ஒண்ணையே போட்டுப் பாரு. வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே இருந்தா எது நல்லது பண்ணுச்சு, எது கெட்டது பண்ணுச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மென்மையான ரகமெல்லாம் பாக்கெட்டுல வராதுதான். அதுக்குச் சின்னப் பாட்டிலா வாங்கு.

இந்தப் பையில இருக்கிறதுல உனக்கு எது ஆகும்னு கேட்டா, ஷாம்பு ஆகாது, உன் உச்சியில எண்ணெய் மின்னுது, இது வறண்ட தலைக்கானது. கண்டிஷனரை வச்சுக்கோ, காதுக்குக் கீழ. மாஸ்க்கும் கண்டிஷனரும் பின்பக்கத்துல கிட்டத்தட்ட ஒரே பேருகளைத்தான் போட்டிருக்கான், ஒண்ணு இருக்கிற வீட்டுல இன்னொண்ணு எதுக்கு? திறக்கலைன்னா கடையில திருப்பிக் குடு. சீரத்தை உங்க அண்ணன் கண்ணுல படாம வை, அவன் மீசைக்குத் தேச்சிருவான். ஞாயித்துக்கிழமை குளிச்சிட்டு, திங்கக்கிழமை அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு வா, பாத்துச் சொல்றேன். செவ்வாய்க்கிழமை வராத, கடை லீவு.